மத்தியானத்துக்கு மேல் போட்ட கூரை

என் மச்சான் நாகூர் கனி ராவுத்தர் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியதில்லை. அதில் ஒன்றும் தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் எங்கள் அக்கா ஜெயினம்புவைப் பெண் பேசியபோது எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க மூன்று பேரை அனுப்பினார். அப்போதும் மனசு ஆறாமல், கதவுக் கீல் விற்கிறவர் மாதிரி தானே காஜிமார் தெருவுக்கு வந்து எங்கள் வாசலில் நின்றார். எங்கள் அத்தா அவரிடம் இரண்டு கீல் வாங்கினார். கீல் விற்றவர்தான் மாப்பிள்ளை என்பது நிக்காஹ் அன்றுதான் தெரிந்தது. அத்தா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்ட ஆளோடு அக்கா எப்படிக் குப்பை கொட்டப் போகிறாள் என்று எரிச்சலாக இருந்தது.

தெற்குவெளி வீதியில் அவருக்கு ஆணி, தாழ்ப்பாள் விற்கிற கடை. கல்யாணம் ஆன இரண்டாம் வருடம் நானும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். கடையைப் பூட்டிவிட்டு இருபதடி நடந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். நான் பூட்டியிருந்தால் இரண்டு தடவை இழுப்பார். மனுஷன் கெட்டவர் இல்லை. யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. எல்லாரும் தனக்கு நினைக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருடத்து மழையில் அவர்கள் வீட்டு உத்திரம் ஒடிந்து, கீழே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா செத்துப்போனார்கள். தேக்கு உத்திரம். வருடா வருடம் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்ததாம். ஒடிந்த பிறகு பார்த்தால் உள்ளே முழுக்கக் கரையான். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

முப்பத்தைந்தில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து ரயிலில் சிமிட்டி என்கிற சிமெண்ட் மூட்டைகள் மதுரைக்கு வர ஆரம்பித்தன. கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, சிமிட்டியும் ஜல்லியும் மணலும் குழைத்துக் கொட்டினால் உத்திரமே இல்லாமல் கூரை நிற்கும் என்றார்கள். மச்சான் நம்புவாரா? ஒரு கட்டி வார்த்துப் பானைத் தண்ணீரில் போட்டு வைத்தார். இன்னொன்றைச் சம்மட்டியால் அடித்தார். மூன்றாவதை நாகமலை அடிவாரத்தில் ஒரு கரையான் புற்றுக்குள் புதைத்துவிட்டு, மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்த் தோண்டிப் பார்த்தார். ஏழு மாதம் கழித்தும் கட்டி கட்டியாகவே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். "இது மட்டும் அப்பவே இருந்திருந்தா அம்மா பொழச்சிருப்பாங்க மாப்ள" என்றார். அதற்குப் பிறகு சிமிட்டியின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அதற்குச் சேர வேண்டிய சந்தேகத்தையும் சேர்த்து மனுஷர்கள் மேல் வைத்தார்.

கடையில் சிமிட்டி வியாபாரம் தொடங்கியது. யார் வாங்கினார்கள்? ஐந்தடி நீளத்தில் ஒரு கம்பிப் பலகை வார்த்து, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் கொட்டாம்பட்டி வரைக்கும், திருமங்கலத்துக்கு அப்பால் வரைக்கும் ஊர் ஊராகப் போனோம். இரண்டு கல்லின் மேல் பலகையை வைத்து நான்கு ஆட்களை ஏறி நிற்கச் சொல்வார் மச்சான். ஏறி நிற்பார்கள், குதிப்பார்கள், இறங்கி வந்து, "இதுல என்னமோ சூது இருக்கு" என்பார்கள். அது மாவு இல்லை, எலும்பை வறுத்து அரைத்தது என்று ஓர் ஊரில் சொன்னார்கள். கம்பி இடியை இழுக்கும் என்று இன்னோர் ஊரில். உத்திரம் இல்லாத வீட்டில் மஞ்சள் குங்குமம் எங்கே வைப்பது என்று கேட்ட ஒரு பெரியவருக்கு மட்டும் மச்சானால் பதில் சொல்ல முடியவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா!

இந்த அலைச்சலில் எங்களோடு இருந்தவர் முத்திருளன். நாகமலை புதுக்கோட்டைக் கொத்தனார். சுண்ணாம்புக் காரை வேலையில் கைதேர்ந்தவர். ஒரு மில் கட்டும்போது கூலிக்குப் போய்க் கம்பி கட்டப் பழகியிருந்தார். அதிகம் பேச மாட்டார். மச்சான் எந்தக் கலவையையும் குனிந்து கிளறிப் பார்ப்பார், கட்டிய கம்பியை ஆட்டிப் பார்ப்பார். வேறு கொத்தனாராக இருந்தால் கரண்டியை வீசிவிட்டுப் போயிருப்பான். முத்திருளன் சிரித்துக்கொண்டு, "நல்லா ஆட்டிப் பாருங்க மொதலாளி" என்பார். மூன்று வருடத்தில் ஒன்பது கூரை போட்டோம். எல்லாம் டவுனுக்குள். கிராமத்தில் ஒன்றுகூட இல்லை.

முப்பத்தெட்டு ஆவணியில்தான் திருமங்கலத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் உக்கிரபாண்டி சரி என்றார். விவசாயம் பார்க்கிற சம்சாரி. பழைய வீட்டு உத்திரத்தைக் கரையான் தின்றிருந்தது. மச்சான் தன் அம்மா செத்த கதையைச் சொன்னதும் அவர் தன் வீட்டு உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "போடுங்க ராவுத்தரே. ஆனா ஒண்ணு. இது விழுந்துச்சுன்னா இந்தப் பக்கம் இருபது ஊருக்கு நீங்க தலையக் காட்ட முடியாது" என்றார். மச்சான் ஒப்புக்கொண்டார். இந்த ஒரு வீடு நின்றால் இருபது ஊருக்குக் கரையான் இல்லாத கூரை வரும், இது கெட்டால் ஒரு காலத்திலும் வராது என்பது அவருக்குத் தெரியும்.

கூரை போடும் அன்று விடிய ஆரம்பித்தோம். முட்டுக் கொடுத்துப் பலகை அடைத்து, கம்பி கட்டித் தயாராக இருந்தது. கீழே செங்கல் அடுக்கிப் பூசிய தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து மொண்டு கலவை குழைத்து, சித்தாள்கள் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் பாதிக் கூரை முடிந்தது. எல்லாரும் வேப்பமரத்தடியில் கஞ்சி குடித்தோம். திரும்ப ஏறி, பொழுது சாயும் முன் மீதிப் பாதியையும் போட்டு முடித்தோம். ஊரே கூடி நின்று பார்த்தது. ஒருத்தர் முகத்திலும் நம்பிக்கை இல்லை.

மறுநாள் வெயிலில் வெடிக்காமல் இறுகுவதற்காக மேலே மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். மூன்றாம் நாள் முத்திருளன் ஏறி நடந்து பார்த்தார். காலையில் போட்ட பாதி கல்லாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் போட்ட பாதியில் அவர் குதிகால் பதிந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே. எட்டாம் நாள் மச்சான் விரலால் குத்தினார். நகம் வரைக்கும் உள்ளே போனது.

அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. ஒரே வண்டியில் வந்த சிமிட்டி, ஒரே மணல், ஒரே ஆள். காலையில் இறுகியது மத்தியானம் ஏன் இறுகவில்லை?

"முத்திருளன் மூட்டைய மாத்திட்டான் மாப்ள" என்றார் என் காதில். "நாம கஞ்சி குடிக்கையில சாம்பலக் கலந்துட்டான். அவன் வீட்டு மாட்டுத் தொட்டி சிமிட்டி போட்டுப் பூசியிருக்கு. நான் பார்த்தேன்."

"கிழிஞ்ச மூட்டையில சிந்துனதக் கூட்டி எடுத்துக்கிறவான்னு ஒங்ககிட்டதான மச்சான் கேட்டாரு. நீங்கதான் சரின்னீங்க."

"எப்பக் கேட்டான்?" என்று என்னையும் சந்தேகமாகப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உக்கிரபாண்டி ஊர்க்காரர்களைக் கூட்டினார். "எங்கள மண்ணுன்னு நெனச்சீகளா? பாதிக்கு நல்ல சரக்கு, பாதிக்குச் சாம்பலா?" என்றார். அவர் பார்வை மச்சான் மேல்தான் இருந்தது. மச்சான் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எல்லார் முன்னாலும் கையை நீட்டி, "எஞ் சரக்கு சுத்தம். கலந்தவன்கிட்டக் கேளுங்க" என்றார்.

முத்திருளன் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஊர்களில் இப்படி வழக்கு வந்தால் ஒரே வழிதான். கண்மாய்க் கரைக் கருப்பசாமி கோயிலில் சூடம் ஏற்றி, குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். முப்பது நாள் தவணை. அதற்குள் அவருக்கோ அவர் வீட்டுக்கோ கெடுதல் வந்தால் பொய்ச் சத்தியம் என்று அர்த்தம். கெடுதல் வராவிட்டால் அவர் சுத்தம். ஆனால் எப்படி முடிந்தாலும், சத்தியம் வாங்கியவரும் கொடுத்தவரும் அதற்குப் பிறகு முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒருவர் கையால் மற்றவர் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது.

"மொதலாளி, சத்தியம் கேக்குறீங்களா?" என்றார் முத்திருளன். கடைசி வாய்ப்பாகத்தான் கேட்டார். எனக்கே புரிந்தது.

"மடியில கனமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்றார் மச்சான்.

முத்திருளன் சூடத்தை அணைத்தார். கையில் கரியோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பதினொன்றாம் நாள் செய்தி வந்தது. வேறு ஒரு வேலையில் சாரம் சரிந்து முத்திருளன் விழுந்து இடது கால் முறிந்துவிட்டது. "கருப்பன் கேட்டுட்டான்ல!" என்று ஊர் கொக்கரித்தது. மச்சான் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அதை நான் அவருக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை.

இறுகாத பாதியை இடித்துத் தள்ளப் போன அன்று, கீழே காய்ந்து கிடந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தற்செயலாகப் போனேன். தொட்டிக்குள் எறும்பு. ஒன்றிரண்டு இல்லை, அடி முழுக்கக் கறுப்பாக மொய்த்துக் கிடந்தது. சும்மா தண்ணீர் நின்ற தொட்டியில் எறும்புக்கு என்ன வேலை? மச்சானைக் கூப்பிட்டேன். குனிந்து, அடியில் ஒட்டியிருந்த பழுப்பை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். அப்படியே நிமிராமல் இருந்தார்.

"கருப்பட்டி" என்றார். "கடுக்காயும் இருக்கு."

சுண்ணாம்புக் காரைக்குக் கருப்பட்டியும் கடுக்காயும் ஊறிய தண்ணீர்தான் உயிர். அதை ஊற்றி அடித்தால்தான் இறுகும். சிமிட்டிக்கு என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியாது. அன்றே மச்சான் இரண்டு சிரட்டையில் சிமிட்டி குழைத்தார். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் கருப்பட்டித் தண்ணீர். மறுநாள் முதல் சிரட்டையை உடைக்கக் கல் வேண்டியிருந்தது. இரண்டாவதைக் கவிழ்த்தால் சேறாக ஒழுகியது.

மச்சான் திண்டாடிப் போனார். "ஏம் மாப்ள, அவன் கால்..." என்று தொடங்குவார், முடிக்க மாட்டார்.

யார் ஊற்றியது என்று தேட வேண்டியிருக்கவில்லை. உக்கிரபாண்டி வயலுக்குப் போயிருந்தபோது அவர் மனைவி சீனியம்மாள் தானாகவே வந்தார். நாங்கள் தொட்டியைச் சுரண்டியதைப் பார்த்திருக்கிறார்.

"எங்கய்யா வீட்டுக்கு மெத்தை மாடி போடையில எம்புட்டுக் கருப்பட்டி கரைச்சாக தெரியுமாண்ணே? ஒங்க கொத்தனார்ட்டக் கேட்டேன், இதுக்கு வேண்டாம்னுட்டாரு. கருப்பட்டியில மிச்சம் பிடிச்சு எங்கள ஏமாத்துறீகன்னு நெனச்சேன். நீங்க கஞ்சி குடிக்கையில கருப்பட்டியும் கடுக்காயும் ஒரு பானை காய்ச்சி ஊத்திட்டேன்." அந்த அம்மா கை இரண்டையும் சேர்த்து நெற்றியில் வைத்துக்கொண்டார். "அந்த மனுசன் கால் எங்களாலயா ஒடிஞ்சது? கருப்பன் முன்னால பழிய இன்னொருத்தன் தலையில ஏத்திட்டேன்னு தெரிஞ்சா ஊரு என்னயத் தள்ளி வச்சிரும். சொல்லிராதீகண்ணே."

மச்சானுக்கு அந்த அம்மாவின் மேல் கோபம் வரவில்லை. சந்தேகப்பட்டுச் செய்த காரியம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் சொல்லாவிட்டால் முத்திருளன் பெயர் போகும். முறிந்த காலோடு, பொய்ச் சத்தியம் செய்தவன் என்ற பட்டமும் சேர்ந்தால் அவருக்கு எந்த ஊரிலும் வேலை இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் ஊரைக் கூட்டச் சொன்னார் மச்சான். முத்திருளனை வண்டியில் கூட்டி வர என்னை அனுப்பினார். அவர் மனைவி செல்லத்தாய் என் முகத்தில் துப்பாததுதான் குறை. இருந்தும் வந்தார்கள். முத்திருளன் காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. வண்டியை விட்டு இறங்கவில்லை.

மச்சான் நடுவில் வந்து நின்றார். "கூரை கெட்டது என்னால. காரைக்கு ஊத்துற மாதிரி இதுக்கும் ஊத்துனா நல்லா இறுகும்னு நெனச்சு நாந்தான் தொட்டியில கருப்பட்டித் தண்ணி கலந்தேன். முத்திருளன் சுத்தமானவரு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படிச் சொல்லப் போகிறார் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

ஊர் அதை ஏற்றுக்கொண்டதா? சந்தேகம் என்பது ஒருத்தர் மட்டும் வைத்திருக்கும் சொத்து இல்லையே. உக்கிரபாண்டி முன்னால் வந்தார். "சிமிட்டி விக்கிற நீங்க, அதுக்கு ஆகாததக் கலந்தீகளா? அப்ப காலையில ஏன் கலக்கல?" கூட்டத்தில் ஒருவர், "கொத்தனார் மறுபடி வேலைக்கு வேணும்ல, அதான் பூசி மெழுகுறாரு" என்றார். இன்னொருவர், "ராவுத்தரும் சத்தியம் பண்ணட்டும். எங்க சாமி வேண்டாம். அவுக பள்ளிவாசல்ல அவுக அல்லா மேல சொல்லட்டும், நாம போய்க் கேப்போம்" என்றார். நியாயம்தானே என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள்.

மச்சான் ஓரடி பின்னால் நகர்ந்தார். ஊர் முன்னால் பொய் சொல்ல வந்தவரால் பள்ளிவாசலில் சொல்ல முடியாது. அவர் முகமே அதைக் காட்டிக் கொடுத்தது. "பார்த்தீகளா!" என்று கூட்டம் கத்தியது. முத்திருளன் வண்டியில் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவுக ஊத்தல."

பெண்கள் நின்ற பக்கமிருந்து சீனியம்மாள் வந்தார். நடக்கும்போதே அழுதுகொண்டிருந்தார். "நாந்தான் ஊத்துனேன். நம்மள ஏமாத்துறாகன்னு நெனச்சு ஊத்துனேன். ராவுத்தரண்ணே எனக்காகப் பொய் சொல்றாக." கருப்பசாமி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

உக்கிரபாண்டி போய் மனைவியின் கையைப் பிடித்துத் தூக்கினார். "எனக்கும் அதே சந்தேகந்தான்டி" என்றார். அவ்வளவுதான். ஊரார் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாவைத் தள்ளிவைக்கிற யோக்கியதை அங்கே யாருக்கு இருந்தது?

மச்சான் வண்டியருகே போனார். அப்போதுதான் முத்திருளன் வாயைத் திறந்தார். சத்தியத்துக்குப் பிறகு பேசக் கூடாது என்ற வழக்கத்தை மீறி அந்த ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"நேத்துப் பார்த்த அந்தம்மாவுக்காக இம்புட்டுப் பேர் முன்னால பொய் சொல்ல வந்தீங்க மொதலாளி. மூணு வருசம் கூட இருந்த எனக்காக ஒரு நாள் பேசாம இருந்திருக்கக் கூடாதா?"

செல்லத்தாய் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

உக்கிரபாண்டியின் கூரையை ஐப்பசி மழைக்கு முன்னால் மறுபடி போட்டோம். போட்டுக் கொடுத்தவர் முத்திருளன்தான். கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி வேலை வாங்கினார். அவரைக் கேட்டு வரச் சொல்லி மச்சான் என்னை அனுப்பியபோது, "வேலைக்கு வாரேன். பேச்சுக்கு வரல" என்று சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்தக் கூரையைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்து ஆள் வந்தது. சீனியம்மாளே நான்கு வீட்டுக்குச் சிபாரிசு செய்தார். உலகச் சண்டை வந்து சிமிட்டி கிடைக்காமல் போகும் வரைக்கும் இருபத்திரண்டு கூரை போட்டார்கள் இருவரும். இருபத்திரண்டு கூரைக்கும் இடையில் நின்றவன் அமீன் என்கிற நான். இருவரும் பத்தடி தூரத்தில் நிற்பார்கள். "கம்பி போதுமான்னு கேளு மாப்ள" என்பார் இவர். "போதும்னு சொல்லுங்க அமீன் பாய்" என்பார் அவர். எரிச்சலில் சில நாள் நான் சொல்லாமலே விட்டுவிடுவேன். அதற்கும் இருவரும் காத்திருப்பார்கள்.

கடைசிக் கூரை நாற்பத்தொன்றில், மச்சானின் சொந்த வீட்டுக்கு. அவர் அம்மா இறந்த அதே அறை. கம்பி கட்டி முடித்து, கலவை கொட்டும் முன் மேலே அடைத்த பலகையில் முத்திருளன் காத்து நின்றார். வழக்கமாக மச்சான் ஏறிப் போய் ஒவ்வொரு முடிச்சையும் ஆட்டிப் பார்க்கும் நேரம் அது. அன்று அவர் ஏறவில்லை. கீழே முற்றத்தில் நின்றுகொண்டு, மேலே கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"நான் பார்க்க வேண்டியதில்லன்னு சொல்லு மாப்ள. அவரு கட்டுனா சரியாத்தான் இருக்கும். கொட்டச் சொல்லு."

அவரைத் தெரிந்த நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஏணியில் பாதி ஏறி முத்திருளனிடம் சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்கும்தான். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும் வரை பொறுத்தார்.

"பார்க்கச் சொல்லுங்க" என்றார். "வீடு அவரோடது."

நான் கீழே வந்து சொன்னேன். மச்சான் கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறிப் போனார். முத்திருளன் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். மச்சான் குனிந்து ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக்கொண்டே அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. ஒரு முடிச்சும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.